ஆறு வெற்றிகளின் இடைவெளி: பேஸ்பால் ரசிகர்களின் பருவக் கணிப்புகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகள் இப்போதெல்லாம் மார்ச் மாத இறுதியில் தொடங்குகின்றன. பிப்ரவரியிலேயே வீரர்கள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் உள்ள பயிற்சி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இடைப்பட்ட ஆறேழு வாரங்களில் நடக்கும் ஆட்டம் எதுவும் கணக்கில் சேராது. ஆனால் ரசிகர்களுக்கு அதுதான் மும்முரமான காலம். எந்த அணி எத்தனை ஆட்டங்களை வெல்லும், எந்தப் பிரிவில் யார் முதலிடம், அக்டோபரில் உலகத் தொடரை வெல்லப்போவது யார் என்று பட்டியல் போடுவார்கள். பத்திரிகைகளும் முன்னாள் வீரர்களும் கணினி நிரல்களும் தம் பங்குக்குப் பட்டியல் போடுவது உண்டு.

அக்டோபர் வந்ததும் இந்தப் பட்டியல்களை எடுத்து வைத்துச் சிரிப்பது வழக்கம். எது பலித்தது, எது பொய்த்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இது போதாது. பருவக் கணிப்பு என்பது ஓர் அணியைப் பற்றிய விமர்சனம். அணியின் பலம் எது, பலவீனம் எது, சென்ற ஆண்டின் முடிவில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அது ஒரு தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே அதையும் விமர்சனமாகவே படித்து எடைபோட வேண்டும். அப்படிப் படித்தால் ஒன்று தெரிகிறது: ரசிகர்கள் குளிர்காலம் முழுவதும் சண்டை போடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் அளவுக்குள் அடங்கிவிடும் சிறு வேறுபாடுகளைப் பற்றி. உண்மையான பெரும்பிழைகள் அவர்கள் கண்ணில் படாமலே கடந்துபோகின்றன.

எண்களின் அமைப்பு

தமிழில் அடிபந்தாட்டம் என்றும் எழுதப்படும் இந்த விளையாட்டின் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு லீக்குகள். ஒவ்வொன்றிலும் ஐந்து அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள். ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். 2022 முதல் லீக்குக்கு ஆறு வீதம் 12 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்கின்றன. ஆட்டம் சமனில் முடிவதில்லை. முடிவு தெரியும்வரை கூடுதல் சுற்றுகள் ஆடுவார்கள்.

இதிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகள். ஆக மொத்தம் 2,430 ஆட்டங்கள். எனவே பருவம் முழுவதிலும் கிடைக்கக்கூடிய வெற்றிகளும் 2,430தான். ஒருவருக்கு ஒரு வெற்றி கூடினால் இன்னொருவருக்கு ஒன்று குறைந்தே தீரும். ரசிகர் கணிப்புகளில் பெரும்பாலானவை தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வோர் அணியின் ரசிகர்களும் தம் அணிக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதைவிட நான்கு வெற்றிகளை மட்டும் கூட்டிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு என்பது பெரிய பேராசை இல்லை. ஆனால் முப்பது ஊர்களின் கணிப்புகளையும் சேர்த்துக் கூட்டினால் 120 வெற்றிகள் மிஞ்சும். அவற்றில் தோற்பதற்கு உலகில் அணி கிடையாது. தன் அணியைப் பற்றி மட்டும் எழுதுபவருக்கு இந்தப் பிழை தெரியாது. முப்பது வரிசைகளையும் நிரப்பிக் கூட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும். பட்டியலின் அடியில் 2,430 வருகிறதா என்று பார்ப்பதே எந்தக் கணிப்புக்கும் முதல் சோதனை.

ஆசை கணிப்பை வளைப்பது பேஸ்பாலுக்கு மட்டும் உரியதல்ல. கேட் மாசி, ஜோசப் சிம்மன்ஸ், டேவிட் ஆர்மர் ஆகிய மூவர் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் 2008 பருவம் முழுவதும் வாரந்தோறும் கணிப்புகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். சரியாகச் சொன்னால் பரிசு உண்டு என்றும் அறிவித்திருந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, நான்கு வாரம் கழித்து இருந்த அதே மிகைநம்பிக்கை நான்கு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. வாராவாரம் முடிவுகள் கண்முன் வந்தும் தம் அணி பற்றிய மதிப்பீடு இறங்கவில்லை. எனவே தகவலைக் கூட்டித் தந்தால் ரசிகர் தெளிந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கு

அடுத்த கணக்கு பள்ளிப் புள்ளியியலில் வருவது. ஒரு நாணயத்தை 162 முறை சுண்டினால் சராசரியாக 81 தலை விழும். திட்ட விலக்கம் சுமார் 6.4. அதாவது, ஓர் அணியின் உண்மையான திறன் சரிபாதி வெற்றிக்கு உரியது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், அது 75க்கும் 87க்கும் இடையில் முடிவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான் உண்டு. மீதி ஒரு பங்கு அதற்கு வெளியே. முப்பது அணிகளுக்கும் இதைப் பொருத்தினால், எல்லாம் அறிந்த ஒருவர் கணித்தாலும் பத்து அணிகள் அளவில் ஆறுக்கும் மேற்பட்ட வெற்றிகளால் தவறிப்போகும். ஒன்றிரண்டு அணிகள் பதின்மூன்றையும் தாண்டித் தவறும். இத்தனைக்கும் காயம், வீரர் மாற்றம் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ரசிகர்களின் வாதங்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒருவர் தன் அணி 88 வெல்லும் என்கிறார். மற்றவர் 84தான் என்கிறார். இருவருக்கும் பேச்சு நின்றுபோகிறது. பருவ முடிவில் 87 வந்தால் முன்னவர் ஞானி, பின்னவர் அறியாதவர். உண்மையில் அந்த முடிவை வைத்து இருவரில் யாருடைய மதிப்பீடு சரி என்று சொல்லவே முடியாது.

கணினிக் கணிப்புகளைப் பார்த்து ரசிகர்கள் சொல்லும் ஒரு குறையும் இங்கேதான் வருகிறது. எல்லா அணிகளையும் 65க்கும் 100க்கும் இடையில் அடைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன, துணிச்சல் இல்லை என்பார்கள். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 வென்று 121 தோற்றது. நவீன காலத்தில் ஒரு பருவத்தில் வேறு எந்த அணியும் அத்தனை தோற்றதில்லை. அப்படியொரு எண்ணை முன்கூட்டியே எழுதாத கணிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் முடிவு என்பது திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. கணிப்பு திறமையை மட்டுமே அறிய முடியும். ஆகவே கணிப்புகளின் பரவல் முடிவுகளின் பரவலைவிடக் குறுகலாக இருப்பதுதான் முறை. மார்ச் மாதத்தில் ஓர் அணிக்கு 41 என்று எழுதுபவர், அது மோசமான அணி என்பதோடு அதற்கு அதிர்ஷ்டமும் இருக்காது என்று சேர்த்துச் சொல்கிறார். பின்னதை அவர் எங்கிருந்து அறிந்தார்?

டாம் டாங்கோ என்ற புனைபெயரில் எழுதும் ஆய்வாளர், வீரர்களின் ஆட்டத்தைக் கணிக்க மார்செல் என்றொரு முறையை உருவாக்கினார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த குரங்கின் பெயர் அது. குரங்கும் போடக்கூடிய கணக்கு என்பது பொருள். பேட்டருக்குக் கடந்த மூன்று ஆண்டுகளின் எண்களை 5, 4, 3 என்ற எடையில் சேர்த்து, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்குக் கொஞ்சம் திருத்தம் செய்தால் முடிந்தது. இது நல்ல கணிப்பு என்று அவர் சொல்லவில்லை. இதைக்கூட வெல்ல முடியாத கணிப்புக்கு மதிப்பில்லை என்பதற்கான குறைந்தபட்சக் கோடு அது. முகாமில் இன்னார் எடை குறைத்திருக்கிறார், வாழ்நாளிலேயே மிகச் சிறந்த உடற்கட்டோடு வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் செய்தி வரும். அமெரிக்க ரசிகர்களிடையே இது ஒரு நிரந்தரக் கேலியாகவே ஆகிவிட்டது. கேலி செய்துகொண்டே நம்புகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மார்செல் அந்தச் செய்திகளைப் படிப்பதில்லை.

கிளீவ்லாந்து, 1987

பிழையிலும் தரம் உண்டு. 1987 ஏப்ரலில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் தன் அட்டையில் கிளீவ்லாந்து இண்டியன்ஸ் அணியின் ஜோ கார்ட்டர், கோரி ஸ்னைடர் இருவரையும் போட்டு, அமெரிக்கன் லீக்கிலேயே சிறந்த அணி இதுதான் என்று அறிவித்தது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து 61 வென்று 101 தோற்றது. இரு லீக்குகளிலும் அதைவிட மோசமான கணக்கு எந்த அணிக்கும் இல்லை. அன்றிலிருந்து கணிப்புகளைக் கிண்டல் செய்பவர்கள் முதலில் நீட்டுவது அந்த அட்டையைத்தான்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டு அது எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம். 1986இல் கிளீவ்லாந்து 84 ஆட்டங்களை வென்றது. லீக்கிலேயே அதிக ரன் எடுத்த அணி அதுதான். கார்ட்டர் 121 ரன்களுக்குக் காரணமாகி லீக்கில் முதலிடம் பெற்றார். ஸ்னைடர் முதல் பருவம் ஆடும் இளைஞர். வளரும் அணி, இளம் பேட்டர்கள், உயரும் வரைபடம்: கதை அழகாகக் கூடிவந்தது. ஆனால் அதே 1986இல் அந்த அணி எடுத்ததைவிட விட்டுக்கொடுத்த ரன்கள் சற்று அதிகம். பந்து எறியும் பிட்சர்களின் வரிசையில் ஃபில் நீக்ரோவும் ஒருவர். 1987 பருவம் தொடங்கும்போது அவருக்கு வயது 48.

இந்தக் குறையைக் காண 1987இல் வழி இல்லாமலும் இல்லை. கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுப் பதப்படுத்தும் ஆலையில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் 1977 முதல் சொந்தமாக வெளியிட்டுவந்த ஆண்டு மலர்களின் வழியே ஒரு சூத்திரம் பரவியிருந்தது. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணிக்கு உரிய வெற்றி விகிதம் கிட்டத்தட்ட வந்துவிடும். பித்தாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அவர் பெயரே இதற்கும் நிலைத்தது. கொடுத்தது எடுத்ததைவிட அதிகம் என்றால் விடை பாதிக்குக் கீழேதான் வரும். அதாவது 84 வெற்றி என்பது அணியின் உண்மை நிலையைவிடச் சற்றுக் கூடுதல். கணிப்பாளர்கள் பார்த்தது ஏறும் கோட்டை. பார்க்காமல் விட்டது பந்தெறியும் பாதியை. 1987இல் அந்தப் பாதிதான் சரிந்தது. ஒன்பது சுற்றுக்கு 5.28 ரன் என்ற வீதத்தில் கொடுத்து, இரு லீக்குகளிலும் கடைசியாக நின்றார்கள். முதலிடத்துக்கு வேண்டிய வெற்றிகளுக்கும் 61க்கும் இடையிலான பள்ளம் திட்ட விலக்கத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

நிரல் தவறியபோது

கணினி நிரல்களும் இதே அளவுக்குத் தவறியதுண்டு. நேட் சில்வர் உருவாக்கி, பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ் நிறுவனம் வெளியிட்டுவரும் பெக்கோட்டா என்ற கணிப்பு முறை 2015இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 72 வெல்லும் என்றது. ராயல்ஸ் 95 வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. (பெக்கோட்டா என்ற பெயரே ராயல்ஸ் அணிக்கு ஆடிய பில் பெக்கோட்டாவை நினைவூட்டுவதற்காக வைக்கப்பட்டது. பெயர்ப் பாசம் உதவவில்லை.) 23 வெற்றிகளின் வித்தியாசத்தை நாணயம் சுண்டும் கணக்கால் விளக்க முடியாது. நிரல் எதையோ காணவில்லை.

ராயல்ஸ் ரசிகர்கள் அன்று நிரலைத் திட்டியதில் ஒரு பகுதி வெறும் கோபம். மறுபகுதி நல்ல விமர்சனம். ஏனெனில் அவர்கள் காரணம் காட்டினார்கள். 2014இல் இதே அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போயிருந்தது. களத் தடுப்பு அபாரம். ஆட்டத்தின் இறுதிச் சுற்றுகளில் கெல்வின் ஹெரேரா, வேட் டேவிஸ், கிரெக் ஹாலண்ட் என்று வரிசையாக மூன்று பிட்சர்கள் இறங்கினால் எதிரணி ரன் எடுப்பது கடினம். பேட்டர்கள் பந்தைத் தவறவிடுவது குறைவு. ஒவ்வொன்றும் அடுத்த பருவத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. 'இது எங்கள் ஆண்டு' என்ற வாக்கியத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. என் பார்வையில் ரசிகர் நிரலை வெல்லக்கூடிய இடம் இதுதான்: எண்ணில் போட்டியிடுவதைவிட, எண் எதை விட்டுவிட்டது என்று சொல்வதில்.

ஆனால் இத்தகைய கணிப்புகள் குறைவு. பெரும்பாலான ரசிகர் கணிப்புகள் நிபந்தனைகளின் தொடர்: முன்னணி மூன்று பிட்சர்களும் காயமின்றி இருந்தால், போன ஆண்டு சறுக்கிய பேட்டர் மீண்டுவந்தால், புதிதாக வரும் இளைஞர் தேறிவிட்டால். ஒவ்வொன்றும் நடக்க பத்துக்கு ஆறு வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும், மூன்றும் ஒன்றாகக் கூடிவர வாய்ப்பு 0.216. ஐந்தில் ஒன்று. தனித்தனியே நியாயமாக ஒலிக்கும் மூன்று நம்பிக்கைகள் சேர்ந்து ஒரு அதிசயத்தைக் கோருகின்றன. தோற்றபின் 'காயம்தான் காரணம்' என்று சொல்லவும் இந்தத் தொடர் இடம் வைத்திருக்கிறது. பொய்த்துப்போக முடியாதபடி எழுதப்பட்ட கணிப்பிலிருந்து எதையும் கற்க முடியாது.

ஜப்பானில் வேறொரு வடிவம் பழக்கத்தில் உள்ளது. அங்கே சென்ட்ரல், பசிபிக் என்ற இரு லீக்குகளில் ஆறாறு அணிகள். பருவத்துக்கு முன் விமர்சகர்களும் ரசிகர்களும் ஒன்று முதல் ஆறு வரை வரிசை மட்டும் எழுதுவார்கள். வெற்றி எண் கிடையாது. படிக்க எளிது. ஆனால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி ஒரு ஆட்டமா, பதினைந்தா என்பது மறைந்துவிடுகிறது. 2019, 2020 இரு ஆண்டுகளிலும் அந்தந்த லீக்கில் கடைசியாக வந்த யாகுல்ட் ஸ்வாலோஸ், ஓரிக்ஸ் பஃபலோஸ் இரண்டும் 2021இல் லீக் சாம்பியன்களாயின. அமெரிக்காவில் 1991இல் மினசோட்டா, அட்லாண்டா அணிகளும் முந்தைய ஆண்டின் கடைசி இடத்திலிருந்து எழுந்து உலகத் தொடரில் மோதின.

பலித்த கணிப்பு

பலித்துவிட்டால் கணிப்பு நல்லதாகிவிடுமா? 2014 ஜூன் மாத இறுதியில் அதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வீரர் ஜார்ஜ் ஸ்பிரிங்கரை அட்டையில் போட்டு, 2017இன் உலகத் தொடர் சாம்பியன் இந்த அணிதான் என்றது. அப்போது ஆஸ்ட்ரோஸ் தொடர்ந்து மூன்று பருவங்கள் நூற்றுக்கு மேல் தோற்றிருந்த அணி. 2013இல் 111 தோல்வி. 2017இல் அது வென்றது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதும் ஸ்பிரிங்கருக்கே கிடைத்தது. கணிப்பு வரலாற்றில் இப்படியொரு பலிப்பு அரிது.

சொல்லப்பட்ட காரணம், தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு, இளம் வீரர் தேர்வில் முதல் வாய்ப்புகளைப் பெற்று, தரவுகளின் துணையோடு அணியைக் கட்டுகிறார்கள் என்பது. அதில் பாதி நடந்தது. 2012இன் முதல் தேர்வான கார்லோஸ் கொரேயா தூணாக நின்றார். 2013இன் முதல் தேர்வான மார்க் அப்பெல் ஹியூஸ்டனுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2014இன் முதல் தேர்வு ஒப்பந்தத்திலேயே கையெழுத்திடவில்லை. இறுதி உந்துதலைத் தந்த ஜஸ்டின் வெர்லாண்டர் 2017 ஆகஸ்டின் கடைசி நாளில்தான் டெட்ராய்ட்டிலிருந்து வந்து சேர்ந்தார். 2014இல் அவரை இந்தக் கதையில் சேர்த்துப் பார்த்திருக்க வழியில்லை. பிறகு 2019 நவம்பரில், 2017இல் அந்த அணி கேமரா மூலம் எதிரணியின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொல்லிவந்தது வெளியாயிற்று. 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதமும், பொது மேலாளருக்கும் மேலாளருக்கும் தடையும் விதிக்கப்பட்டன. பட்டம் பறிக்கப்படவில்லை. எண் சரி, ஆண்டு சரி, காரணம் அரைகுறை. இதைச் சரியான கணிப்பு என்று மதிப்பிட்டால் 1987 அட்டையைத் தவறு என்று மதிப்பிட்ட அதே மேலோட்டமான அளவுகோலைத்தான் மறுபடியும் பயன்படுத்துகிறோம்.

விலை ஏறிய நம்பிக்கை

நெடுங்காலம் இந்தக் கணிப்புகளால் நஷ்டம் யாருக்கும் இல்லை. மானம் மட்டும் கொஞ்சம் போகும். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தடையை நீக்கியது. அதன்பின் பல மாநிலங்கள் அதைச் சட்டபூர்வமாக்கின. இப்போது ஒவ்வோர் அணிக்கும் 84.5 போல அரை எண்ணோடு ஒரு கோடு போடப்படுகிறது. அதற்கு மேலா கீழா என்று பணம் கட்டலாம். வழக்கமான விதியில் 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும். அப்படியானால் நட்டமில்லாமல் இருக்கவே 52.4 விழுக்காடு முறை சரியாகச் சொல்ல வேண்டும். முன்பு பார்த்த நான்கு வெற்றி மிகைநம்பிக்கையை இந்தக் கோட்டோடு பொருத்திப் பாருங்கள். யாரிடமிருந்து பணம் வரும் என்பது கோடு போடுபவருக்குத் தெரியும்.

1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் வாங்கியதாக எட்டு வீரர்களை நிரந்தரமாக விலக்கிய விளையாட்டு இது. 2024இலும் தன் விளையாட்டின் மீதே பந்தயம் கட்டியதற்காக ஒரு வீரருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அதே லீக்கின் ஒளிபரப்புகளில் பந்தய நிறுவன விளம்பரங்கள் ஓடுகின்றன. ரசிகரின் பட்டியலும் பந்தயச் சீட்டும் ஒரே திரையில் அருகருகே வந்துவிட்ட நிலையில், கணிப்பை எப்படிப் படிப்பது என்பது மாணவர்களுக்கும் தேவைப்படும் அறிவாகிறது.

பட்டியலில் இல்லாத வரிசை

எவ்வளவு நல்ல பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று உண்டு: அணியின் உரிமையாளர். புரூக்ளின் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் 1941இலிருந்து 1953க்குள் ஐந்து முறை உலகத் தொடரில் யாங்கீஸிடம் தோற்று, ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார்கள். அதுவே அந்த ஊரின் முழக்கமானது. 1955இல் அந்த அடுத்த ஆண்டு வந்தது. 1957 பருவம் முடிந்ததும் அணியே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது.

ஓக்லாந்து ரசிகர்களுக்கு நேர்ந்ததும் இதுதான். 2023இல் அத்லெட்டிக்ஸ் 112 தோற்றது. ஊரைவிட்டு லாஸ் வேகாஸுக்குப் போக உரிமையாளர் திட்டமிட்டிருந்த நேரம். அந்த ஜூன் 13 அன்று ரசிகர்கள் 27,000 பேருக்கு மேல் அரங்கத்துக்குத் திரண்டு, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி முழங்கினார்கள். அன்றைய ஆட்டத்தை அணி 2-1 என்று வென்றது. அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. 2024இல் 69 வெற்றிகளாக ஏறியது. வெற்றி எண்ணை மட்டும் பார்த்தால் மீண்டுவரும் அணி என்று எழுதத் தோன்றும். 2024 செப்டம்பர் 26இல் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் நடந்தது. லாஸ் வேகாஸ் அரங்கம் தயாராகும்வரை ஆட அணி சாக்ரமென்டோவின் ஒரு சிறிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. 2025 பருவத்துக்கான பட்டியல்களிலும் 30 வரிசைகள் இருந்தன. கூட்டுத்தொகை அதே 2,430.